மூன்று குருவித் தோரணம்

கிரிதரனைக் கிரிதரன் என்று கூப்பிடுகிறவர்கள் அவன் மனைவி ராஜினியும் வங்கிக்காரர்களும்தான். மலேசியாவின் பிரிக்ஃபீல்ட்ஸில் மற்ற எல்லாருக்கும் அவன் 'கை'. கோயில் திருவிழாவுக்கு மேடைத்திரை எழுதணுமா, பள்ளி ஆண்டு மலருக்கு அட்டை போடணுமா, "கைகிட்ட குடு லா, அவரு பாத்துக்குவாரு" என்பார்கள். அவனும் கூச்சப்படுகிற மாதிரி தலையைக் குனிந்துகொள்வான். உள்ளுக்குள் ஆள் குளிர்ந்து போயிருப்பான். மனிதனுக்கு இத்தனூண்டு கர்வம்கூட இருக்கக் கூடாதா என்ன? இருக்கலாம். அது அவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்பா சிவகுருநாதன் ரயில்வேயில் குமாஸ்தா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாள்முதல் அரசாங்கச் சோறு தவிர வேறு சோறு அறியாத குடும்பம். அந்த வீட்டில் பிறந்துவிட்டு 'நான் படம் வரையப் போகிறேன்' என்று சொல்ல ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். சொன்னான். அப்பா முகம் கொடுத்துப் பேசாமல் பல நாள் சுற்றினார். பிறகு தமிழ்ப் பள்ளிப் பாடநூலில் மகன் வரைந்த மயில் அச்சாகி வந்ததும், அதே மனிதர் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு வீடாக ஏறி இறங்கினார். "பாருங்கோ, என்ரை பெடியன்ரை கை" என்று காட்டினார். பட்டப்பெயர் பிறந்தது அப்படித்தான். அப்பா போன பிறகும் பெயர் நின்றுவிட்டது.

பாடநூல் வேலை வருடா வருடம் வற்றிக்கொண்டே வந்தது. கல்யாணப் பத்திரிகை, கடைப்பலகை என்று உதிரி வேலையில் காலம் தள்ளிக்கொண்டிருந்தவனை உஷாராணி கூப்பிட்டாள். அவள் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறை பிடித்து, கைப்பேசியில் விளையாடுகிற கேம் செய்யும் சின்ன நிறுவனம் நடத்துகிறவள்.

"அண்ணே, நம்ம ஆளுங்க கல்யாணத்த வெச்சு ஒரு கேம் பண்றோம். 'பந்தல் முதல் பந்தி வரை'ன்னு பேரு. வெளையாடறவங்கதான் பந்தல் போடணும், பொண்ண அலங்கரிக்கணும், சாப்பாடு பரிமாறணும். எல்லாம் நம்ம வீட்டுக் கல்யாணம் மாதிரியே இருக்கணும் லா. உங்க கை வேணும்" என்றாள்.

கை வேணும் என்று சொன்ன பிறகு அவன் நிற்பானா? கிள்ளானில் இருந்த தன் வீட்டிலிருந்து தினமும் கொமுட்டர் ரயிலேறி வரத் தொடங்கினான்.

அங்கே அவனுக்கு முன்பே ரோகிணி இருந்தாள். மதுரைப் பக்கத்துப் பெண், வேலை பெர்மிட்டில் வந்தவள், செமினியில் தோழிகளோடு வாடகை வீடு. அவளும் முறையாக ஓவியம் படித்தவள்தான். ஆனால் ஏஐ-யிடம் சொல்லித்தான் படம் வாங்குவாள். அதில் ஒளிவு மறைவே கிடையாது. வருகிற படத்தையெல்லாம் அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிடுவாள். காலையில் எல்லாரும் தேநீரும் கையுமாக அந்தச் சுவருக்கு முன்னால் நின்று தப்பு கண்டுபிடிக்க வேண்டும். அலுவலகத்தில் அதற்குக் 'குத்தச் சுவர்' என்று பெயர்.

"குத்துவிளக்குக்கு ஆறு முகமா? யாரு வீட்டு வெளக்கு இது?" என்பாள் உஷாராணி.

"இந்த அங்கிளப் பாரு, தவில நின்னுக்கிட்டே மடியில வெச்சிருக்காரு," என்பான் லோகன். கேமுக்குப் புரோகிராம் எழுதுகிறவன் அவன்.

ரோகிணி சிரித்துக்கொண்டே சிவப்புப் பேனாவால் சுழிப்பாள். பெரும்பாலானவை குப்பைக்குப் போகும். சிலவற்றைத் திரும்பக் கேட்டு வாங்குவாள். மிச்சத்தில் அவளே உட்கார்ந்து மேலே வரைந்து திருத்துவாள். கடைசியில் தேறி வருகிற படம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல் இருக்கும்.

நம்ம கை அந்தச் சுவர்ப் பக்கமே எட்டிப் பார்க்கமாட்டான். ஒரு நாள் எல்லார் முன்னிலையிலும் கேட்டான். "ஏம்மா, பட்டன அமுக்குனா படம் வருது. இதுக்கா ஓவியம் படிச்சே? எங்க வீட்டு வாஷிங் மெஷினும் பட்டன அமுக்குனா தொவைக்குது. அதுக்கும் ஒரு டிகிரி குடுத்துரலாமா?"

லோகன் விழுந்து விழுந்து சிரித்தான். ரோகிணி சிரிக்கவில்லை. "அழுக்கு போயிருக்கான்னு ஒருத்தர் பாக்கணும்ல சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். அவனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சிரிப்பு வாங்கிய பேச்சை யார் விடுவார்கள்? வாஷிங் மெஷின் அன்றிலிருந்து அடிக்கடி வந்தது.

அவன் படங்கள் சுவருக்குப் போவதில்லை. கையால் வரைந்ததை மாட்டிவைத்துக் குற்றம் பார்ப்பது மரியாதை இல்லை என்று உஷாராணியே சொல்லிவிட்டாள். அவை நேராக ரோகிணியின் மேசைக்குப் போகும். கேமுக்குத் தோதாக வெட்டி, நிறத்தைச் சமன் செய்து உள்ளே ஏற்றுவது அவள் வேலை.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. மணவறை, அடுப்படி, வாசல், பந்தி எல்லாப் பெரிய படமும் கிரிதரன் பொறுப்பு. பாடநூலில் ஒரு முயலை வாரக்கணக்கில் வரைந்து பழகிய ஆள் அவன். இங்கே ஒரே மணவறையைக் காலை வெளிச்சத்தில் கேட்டார்கள், சாயங்கால வெளிச்சத்தில் கேட்டார்கள், பந்தலுக்கு வெளியே மழை பெய்கிற மாதிரியும் கேட்டார்கள். அவன் காலையையே முடிக்கவில்லை. உஷாராணி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "பரவால்ல அண்ணே, மெதுவா பண்ணுங்க" என்றாள். அந்தப் 'பரவால்ல' அவனைப் பிடுங்கித் தின்றது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், ராஜினி டியூஷன் சொல்லிக்கொடுக்கப் போயிருந்த நேரம், கிள்ளான் வீட்டில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவன் அந்த ஏஐ-யைத் தொட்டான். திருட வந்தவனுக்குக்கூட நெஞ்சு அப்படி அடித்திருக்காது. தமிழ்க் கல்யாணம் வேண்டும் என்று ஆங்கிலத்தில் தட்டினான். சிவப்பு லெஹங்கா போட்ட பெண் வந்தாள். தலைப்பாகை கட்டிய மாப்பிள்ளை வந்தான். போதாததற்கு ஒரு குதிரையும் வந்தது.

"அட கண்றாவியே!" என்று வாய்விட்டுச் சொல்லி மூடிவைத்தான். கொஞ்ச நேரம் வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்தான். அப்புறம் திரும்ப வந்து உட்கார்ந்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆள் கெட்டிக்காரன். வார்த்தையை மட்டும் நம்பினால் குதிரைதான் வரும் என்று சீக்கிரமே கண்டுகொண்டான். பென்சிலால் தானே அமைப்பைப் போட்டான். வாசல் எங்கே, வெளிச்சம் எந்தப் பக்கம், கூட்டம் எந்த மூலையில் நெருக்கியடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவன் முடிவு. அந்தக் கோட்டுப்படத்தைக் கொடுத்து, இதற்குள் அடங்கி வரைந்து தா என்றான். தன் பழைய ஓவியங்களைக் காட்டி, இந்த வண்ணத்தை விட்டுத் தாண்டாதே என்றான். சிவப்புப் பட்டு என்று கேட்டால் பிளாஸ்டிக் சிவப்பு வரும், துணி வெளிச்சத்தில் எப்படி மடிகிறது என்று சொன்னால்தான் பட்டு வரும் என்பதைத் தட்டுத் தடுமாறிப் படித்தான். நூறு படம் பார்த்து ஒன்றை எடுக்கிற கண் அவனுக்கு ஏற்கெனவே இருந்தது. அது தருகிற முகங்கள் எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல இருந்ததால், எல்லாவற்றையும் அழித்துத் தன் கையால் எழுதினான். பந்திக்கு முதல் ஆளாக ஓடுகிற மாமாவின் அவசரம், பெண் வீட்டார் நகையை ஓரக்கண்ணால் எடை போடுகிற அத்தையின் உதடு, இதெல்லாம் எந்த இயந்திரத்துக்குத் தெரியும்?

மாதக்கணக்கில் இழுத்த வேலை மளமளவென்று முடிந்தது. முடிந்ததோடு, நன்றாகவும் இருந்தது. இதைத் திறமை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய், 'இந்தா உஷா, இப்படித்தான் செய்தேன்' என்று சொல்லியிருக்கலாம். வாஷிங் மெஷின் பேச்செல்லாம் பேசிவிட்டு எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? மென்று விழுங்கிவிட்டான்.

"அண்ணே, கை கைதான்!" என்று உஷாராணி கண்கலங்கிப் பாராட்டினாள். பக்கத்து வீட்டுக்கு வந்த பலகாரத்தை இடையில் வாங்கித் தின்றுவிட்டு நிற்கிறவன் போல நின்றான் அவன். வெட்கத்தை மறைக்க வேண்டுமே, அதனால் ரோகிணியை இன்னும் நாலு வார்த்தை கூடுதலாகக் கிண்டல் செய்தான். மனித புத்தி அப்படித்தானே போகிறது. அவளோ அவன் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உற்று உற்றுப் பார்ப்பாள். பிறகு "நல்லாருக்கு சார்" என்பாள். அவள் பார்க்கிற நேரம் படத்துக்குப் படம் கூடிக்கொண்டே போனது.

விளம்பரத்துக்கு ஒரு வீடியோ எடுக்கலாம் என்று உஷாராணி கிளம்பினாள். 'மனிதக் கையால் வரைந்த மலேசியத் தமிழ்க் கல்யாணம்' என்று தலைப்பு வேறு. கை உட்கார்ந்து வாசல் படத்தை வரைவதை எடுக்க வேண்டுமாம். என்ன செய்வான்? முடிந்த படத்தை வெளிறச் செய்து அடியில் வைத்துக்கொண்டு, அதன் மேலேயே கோடு கோடாக இழுத்து, அப்போதுதான் மனத்தில் தோன்றியது போல நெற்றியைச் சுருக்கி நடித்தான். கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்று படம் எடுத்தவள் ரோகிணி. அவன் நெற்றியில் வியர்வை வழிந்தது.

"கொஞ்சம் நிறுத்தவா சார்?" என்று கேட்டாள் அவள்.

"வேணாம் வேணாம், எடு" என்றான். தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. அந்த வீடியோவை ஊரெல்லாம் பார்த்தது. கிள்ளானில் காய்கறிக் கடைக்காரர் வரை கைகுலுக்கினார்.

கேமை வெளியிடுவதற்கு முன் தெரிந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சின்ன மண்டபம், ஞாயிற்றுக்கிழமை காலை, வடை, ஆற்றி நுரைகட்டிய தே தாரேக் தேநீர். பெரிய திரையில் முதலில் வந்தது வாசல் படம். இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை, பந்தலின் நீளத்துக்கும் தென்னங்குருத்துத் தோரணம், படிக்கட்டில் செருப்புக் குவியல், உள்ளே ஓடுகிற மாமா. கூட்டம் கைதட்டியது.

முன் வரிசையில் குணபூசணி ஆன்டி உட்கார்ந்திருந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர், கிரிதரனின் அம்மாவுக்கு நெருங்கிய சிநேகிதி. பேத்திக்குக் கல்யாணம் வைத்திருந்ததால் ஆசை ஆசையாக வந்திருந்தார். அவர் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளினார்.

"தம்பி, அந்தத் தோரணத்தை ஒருக்காப் பெரிசாக் காட்டுங்கோ பாப்பம்."

லோகன் பெரிதாக்கினான். ஆன்டி விரலை நீட்டி எண்ணினார். "ஒண்டு, ரெண்டு, மூண்டு. இதிலயும் மூண்டு. அதிலயும் மூண்டு. ஐயோ பிள்ளையள், என்ன வேலை பாத்து வச்சிருக்கிறியள்! கல்யாண வீட்டு வாசல்ல செத்த வீட்டுத் தோரணமெல்லே கட்டியிருக்கு!"

யாழ்ப்பாணத்து வழக்கம் அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குருத்தோலையை மடித்துக் குருவி குருவியாகத் தொங்கவிடுவார்கள். நல்ல காரியம் என்றால் ஒரு தோரணத்துக்கு நான்கு குருவி. சாவு வீடு என்றால் மூன்று. அந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் வாசலைப் பார்த்த மாத்திரத்தில் உள்ளே நடப்பது என்ன என்று அறிந்துகொள்வார்கள். ஏஐ-க்கு அதெல்லாம் தெரியுமா? பார்க்க லட்சணமாக மூன்று மூன்றாகத் தொங்கவிட்டுவிட்டது.

கிரிதரனும் எண்ணிப் பார்த்தான். மூன்றுதான். அப்பா செத்துக் கிடந்த அன்று, "நாலாக் கட்டிப்போடாதை மோனை, மூண்டு, மூண்டு" என்று உறவுக்காரர்கள் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, அழுதுகொண்டே ஓலையை மடித்தவன் அவன்தான். அந்தக் கை வரைந்திருந்தால் இந்தத் தப்பு வருமா? சத்தியமாக வராது. அவன் முகங்களைத் திருத்தினான், பட்டைத் திருத்தினான், செருப்பின் வாரைக்கூட விடவில்லை. தோரணம் அழகாக இருந்தது. அழகாக இருந்ததாலேயே அவன் கண் அதைத் தாண்டிப் போய்விட்டது.

மண்டபத்தில் சலசலப்பு. யாரோ ஓர் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். குணபூசணி ஆன்டி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "எங்கட வீட்டில நல்ல காரியம் இருக்கு. இதைப் பாத்துக்கொண்டு இருக்க ஏலாது" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

உஷாராணி அவர் பின்னாலேயே ஓடினாள். "ஆன்டி, நில்லுங்க ஆன்டி. கை அண்ணன் வரைஞ்சதுல இது வராது, அவருக்குத் தெரியாததா? நடுவுல ஏதோ ஆயிருக்கு" என்று கெஞ்சினாள். ஆன்டி நிற்கவில்லை. திரும்பி வந்தவள் முகம் சிவந்திருந்தது.

"ரோகிணி, நீ இந்தப் படத்துல ஏஐ வெச்சு ஏதும் மாத்துனியா?"

"தோரணத்த நான் தொடல மேடம்."

"தொடாம எப்படிம்மா நாலு மூணாகும்? ஏஐ-தானே இப்படி எண்ணத் தெரியாமப் போடும்? குத்தச் சுவத்துல டெய்லி பாக்குறோமே!" உஷாராணி கிரிதரன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க நாலுதானே போட்டீங்க?"

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். ரோகிணியும் பார்த்தாள். அவள் பார்வையில் கோபம் இல்லை, காத்திருப்பு இருந்தது. கிரிதரனின் தலை மேலும் கீழும் ஆடியது. ஒரே ஓர் ஆட்டம்தான். வாயைத் திறந்து ஒரு பொய் சொல்லியிருந்தாலாவது பொய் சொல்கிற துணிச்சல் இருந்தது என்று ஆகியிருக்கும். அதுவும் இல்லை. தலையை ஆட்டிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான், பாவி.

ரோகிணி குனிந்து கணினி ஒயரைச் சுருட்டத் தொடங்கினாள்.

அவள் பெர்மிட் புதுப்பிக்க வேண்டிய நேரம் அது. மறுநாள் உஷாராணி அவளை உள்ளறைக்குக் கூப்பிட்டாள். நடுவில் இருப்பது மெல்லிய பலகைச் சுவர். கிரிதரனுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"தப்பு எல்லாரும்தான் பண்றோம். செஞ்சிட்டு ஒத்துக்க மாட்டேங்குறே பாரு, அதான் எனக்கு ஆகல. இந்தத் தடவ பெர்மிட்ட ரினியூ பண்ண மாட்டேன் ரோகிணி. மாசக் கடைசி வரைக்கும் இரு."

பெர்மிட் போனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். ரோகிணி வெளியே வந்தாள். வழக்கம்போல ஒரு படத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினாள். அன்று அந்தச் சுவருக்கு முன்னால் யாரும் போய் நிற்கவில்லை.

தோரணத்தைத் திரும்ப வரைந்து தரச் சொன்னார்கள். கிரிதரன் பேனாவை எடுத்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டான். நான்கு நான்கு குருவி, ஒவ்வொன்றும் உயிரோடு தொங்கியது. "பாத்தியா, இதான் கை" என்று லோகன் முதுகில் தட்டினான். கிரிதரன் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றான்.

அந்த வாரம் முழுக்க அவன் ரோகிணியின் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தான். அவள் வருவதற்கு முன் சாப்பிடப் போவான், அவள் போன பின் திரும்புவான். சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று கொமுட்டரில் ஏறும்போது நினைப்பான். இறங்கும்போது வீடியோ ஞாபகம் வரும், காய்கறிக் கடைக்காரர் ஞாபகம் வருவார், அப்பா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனது ஞாபகம் வரும். நேராகத் தன் மேசையில் போய் உட்கார்ந்துவிடுவான்.

வியாழக்கிழமை சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் ராஜினி பிடித்துக்கொண்டாள். "என்னங்க ஆச்சு? சோத்த அளைஞ்சிக்கிட்டே இருக்கீங்க. ஒரு வாரமா முகமே சரியில்ல."

"ஒரு பிள்ளைக்கு வேலை போகுது. என்னால" என்றான். அதற்கு மேல் அடக்க முடியவில்லை. அந்தச் சனிக்கிழமை கதவைச் சாத்தியதிலிருந்து மண்டபம் வரைக்கும் கொட்டித் தீர்த்தான்.

ராஜினி கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அந்த வாசல் படத்துல பந்திக்கு ஓடுற மாமாவப் பாத்து நான் எவ்வளவு சிரிச்சேன். அது யாரு போட்டது?"

"முகமெல்லாம் நான்தான். இடமும் நான் சொன்னதுதான்."

"அப்ப இதுல கேவலப்பட என்ன இருக்கு? புதுசா ஒண்ணு கத்துக்கிட்டீங்க, நல்லா செஞ்சீங்க. அதுக்குப் போயி இத்தன மாசமா வெட்கப்பட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க. அந்தப் பொண்ணு முன்னால தலைய ஆட்டினீங்க பாருங்க, அதுக்கு வெட்கப்படுங்க."

மறுநாள் காலையில் எல்லாருக்கும் முன்பாகவே அவன் அலுவலகத்தில் இருந்தான். ஏஐ கொடுத்த வாசல் படத்தை, முகம் எழுதுவதற்கு முன் இருந்தபடியே அச்செடுத்து, குத்தச் சுவரின் நடுவில் ஒட்டினான். ஒவ்வொருவராக வந்தார்கள். தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார்கள்.

"இது என்ன அண்ணே?" என்றாள் உஷாராணி.

"வாசல். ஏஐ-கிட்ட வாங்குனது. இதுல முகம், துணி, செருப்ப மட்டும் வரைஞ்சிட்டு ரோகிணிக்கு அனுப்பினேன். தோரணம் மூணாத்தான் போச்சு. அந்தப் பிள்ளை தொடல." கனைத்துக்கொண்டான். "மணவறை, பந்தி, அடுப்படி எல்லாம் இப்படித்தான் செஞ்சேன். வீடியோவுல வரைஞ்சதும் நடிப்பு. அன்னிக்குத் தலையாட்டுனது பொய்."

"அலாமாக்! கடவுளே!" என்றான் லோகன் மெதுவாக. உஷாராணி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கத்துவாள் என்று கிரிதரன் காத்திருந்தான். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"படம் நல்லாத்தான் அண்ணே இருந்துச்சு" என்றாள் கடைசியில். "இப்படித்தான் செஞ்சேன்னு சொல்லியிருந்தா, எங்களுக்கும் சொல்லிக்குடுங்கன்னு உக்காந்திருப்பேன். எங்கம்மாவும் யாழ்ப்பாணம்தான். இந்தச் சுவத்துல ஒரு நாள் மாட்டியிருந்தா நானே எண்ணியிருப்பேன். கை போட்டதாச்சேன்னு நான் பாக்கவே இல்ல." பிறகு ரோகிணியிடம் போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "என்ன மன்னிச்சிரும்மா. பெர்மிட் வேலைய இன்னிக்கே ஆரம்பிக்கிறேன். போயிராதே லா."

ரோகிணிக்குக் கண் நிறைந்தது. "சரி மேடம்" என்றாள்.

வீடியோவை எடுத்துவிடச் சொன்னான் கிரிதரன். எடுத்தார்கள். குணபூசணி ஆன்டி வீட்டுக்குத் தானே நேரில் போய்ச் சொல்கிறேன் என்றான். சரி என்றார்கள். ஒருவரும் அவனைத் திட்டவில்லை, முதுகில் தட்டவும் இல்லை.

மத்தியானம் ரோகிணியைத் தேநீர் குடிக்கக் கூப்பிட்டான். தெருமுனையில் ஷாஹுல் ஹமீது கடை. இரண்டு தே தாரேக் வந்தது. அவன் டம்ளரைத் தொடாமல் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"தப்புப் பண்ணிட்டேன்மா. உன்கிட்ட நான் அனுப்புன படம் இருந்துச்சே. அத எடுத்துக் காட்டியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். ஏன் காட்டல?"

"நீங்களே சொல்லிருவீங்கன்னு பாத்தேன் சார்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொதப் படத்துலயே தெரியும். மணவறைல பொண்ணுக்கு வலது கைல ஆறு விரல் இருந்துச்சு. எடுத்துட்டேன். அடுப்படில ஒரு ஆளுக்கு நிழல் ரெண்டு பக்கமும் விழுந்துச்சு. பந்தில ஒரு பையனுக்கு முழங்கையே இல்ல. எல்லாத்தையும் சரி பண்ணிட்டுத்தான் ஏத்துவேன்."

அவள் உற்று உற்றுப் பார்த்த நேரமெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. இவன் வாஷிங் மெஷின் என்று சொல்லிச் சிரிப்பு வாங்கிக்கொண்டிருந்தபோது, அவள் இவனுடைய ஆறாவது விரலை அழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். முகம் காதுவரை கொதித்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"எல்லாரும் கைன்னு ஆசையாக் கூப்பிடறாங்க. நீங்களும் மறைக்கிறீங்க. அத நான் எதுக்கு சார் கெடுக்கணும்?"

அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அவனுக்குள் இருந்த ஏதோ ஒன்று இன்னும் ஒரு சின்னப் பிடியைத் தேடியது. "அப்ப தோரணத்த மட்டும் ஏன் விட்டே?" என்று கேட்டுவிட்டான். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று புரிந்தது.

ரோகிணி டம்ளரைக் கீழே வைத்தாள். "எங்க ஊர்ல மாவிலதான் சார் கட்டுவோம். மூணா நாலான்னு எனக்கு எங்க தெரியும்? அது உங்க வீட்டு வழக்கம். அத மட்டுமாச்சும் நீங்க பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

அவள் குரலில் குத்தல் ஒரு துளியும் இல்லை. இருந்திருந்தால் தேவலாம் போல் இருந்தது கிரிதரனுக்கு.